மேட்டில் இருமும் வண்டி

நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் பல வீட்டு வாசல்களில் ஒரு பழைய கார் நிற்கிறது. இருபது ஆண்டு, இருபத்தைந்து ஆண்டு ஓடிய வண்டி. அது வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதும் அதுதான். சந்தைக்குப் போவதும் அதுதான். நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதுதான். அப்படிப்பட்ட வண்டி சமதரையில் நன்றாக ஓடிவிட்டு, மேடு வந்ததும் இருமிக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்தால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

"பள்ளிக்கூடத்து டீச்சருக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் நினைக்கலாம். என் தகப்பனார் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். சிறு வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் படித்தேன். அப்பா காதால் அறிந்ததும் நான் புத்தகத்தில் படித்ததும் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அதை விளங்க வைத்தது எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவரின் வண்டி.

அவரை நாங்கள் மாமா என்றுதான் அழைப்போம். இரத்த உறவு இல்லை, தோட்டத்து உறவு. நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அவர் வெட்டிய மரங்கள் இன்று இல்லை. அந்தச் சரிவு முழுவதும் இப்போது செம்பனை. ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பழைய கார் ஒன்றை வாங்கினார். ஆசைக்கு வாங்கவில்லை. அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை ஈப்போவுக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்கு எங்கள் செம்மண் பாதையில் பேருந்து வராது. அந்தக் கார்தான் அத்தையின் உயிருக்கு வழி.

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் இடத்தில் ஒரு மேடு உண்டு. ஒரு நாள் விடியற்காலை, மழைத்தூறலில், அந்த மேட்டில் வண்டி வெட்டி வெட்டி இழுத்து நின்றே போய்விட்டது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. வண்டிக்குள் அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்று அவர்கள் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் தாமதம்.

அதற்கு முன்பே மாமா பட்டணத்தில் ஒரு பட்டறைக்கு மூன்று தடவை போயிருந்தார். முதல் தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது தடவை பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். மூன்றாவது தடவை, "பழைய வண்டி, இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்" என்றார்கள். அன்று மாலை மாமா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, ஒங்கப்பா இருந்தா அவர்கிட்ட கேட்டிருப்பேன். இப்ப யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல" என்றார்.

நேயர்களே, மாமாவின் வண்டியைப் பிறகு பார்ப்போம். முதலில் இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். அது தெரியாமல் பழுதைத் தேடினால், இருட்டில் ஊசி தேடிய கதைதான்.

நான்கு சிலிண்டர் இஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு வேலைகளை வரிசையாகச் செய்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது, அதை நெருக்குகிறது, தீப்பொறியால் எரிந்த கலவை பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, பிறகு புகையை வெளியே விடுகிறது. இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சிலிண்டரும் எரிய வேண்டும். அப்படியானால் நான்கிலும் சேர்த்து நிமிடத்துக்கு 6,000 பொறி. வினாடிக்கு 100 பொறி! இதில் சில பொறிகள் தவறினால், அந்த நேரத்தில் தள்ள வேண்டியவன் தள்ளாமல் நிற்கிறான். மற்ற மூவரும் அவனையும் சேர்த்து இழுக்கிறார்கள். அதுதான் நமக்குத் தெரியும் வெட்டு. போமன்கள் இதை 'மிஸ்ஃபயர்' என்று சொல்வார்கள்.

இந்தப் பொறி எங்கிருந்து வருகிறது? பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் மட்டும். அதைக் கொண்டு பிளக்கின் முனையில் பொறி தாண்ட வைக்க முடியாது. அதற்காகத்தான் 'காயில்' என்ற கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் இரண்டு சுருள்கள். ஒன்று சில நூறு சுற்றுகள் கொண்டது; மற்றொன்று பல ஆயிரம் சுற்றுகள் கொண்டது. முதல் சுருளில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால், இரண்டாவது சுருளில் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் எழும்புகிறது. 1831-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. எழும்பிய மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. அது தபால்காரர் மாதிரி, யாருக்கு முறையோ அவருக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து தடித்த பிளக் கேபிள் வழியாக ஸ்பார்க் பிளக்குக்குப் போய், ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி நம் நாட்டின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது அதிலும் இந்த முறைதான் இருந்தது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சரி, சமதரையில் ஒழுங்காகத் தாண்டும் பொறி மேட்டில் மட்டும் ஏன் தவறுகிறது? இதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான இடம், கவனமாகக் கேளுங்கள்.

மேடு ஏறும்போது நாம் பெடலை அழுத்துகிறோம். அழுத்தினால் சிலிண்டருக்குள் அதிகக் கலவை போகிறது. அதே இடத்துக்குள் அதிகக் கலவையை நெருக்கினால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய காற்றைப் பொறி எளிதில் தாண்டாது. 1889-ஆம் ஆண்டு பாஷன் என்ற ஜெர்மானிய அறிவியலார் இதை அளந்து காட்டினார். பொறி தாண்டுவதற்கு எத்தனை வோல்ட் தேவை என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒன்று காற்றின் அழுத்தம், மற்றொன்று இடைவெளியின் நீளம். பிளக் தேய்ந்து இடைவெளி பெரிதானாலும் கூடுதல் வோல்ட் வேண்டும். பெடலை அழுத்தி உள்ளழுத்தம் கூடினாலும் கூடுதல் வோல்ட் வேண்டும். இரண்டும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மின்சாரமோ எளிய வழியைத் தேடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவது கடினமாகிவிட்டால், கேபிளின் உறையில் ஒரு வெடிப்பு இருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு கீறல் இருக்கிறதா என்று பார்த்து, அதன் வழியாகப் பக்கத்திலுள்ள இரும்புக்குப் போய்விடும். பிளக்கில் பொறி வராது.

பால் வெட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்தில் வெட்டிய கோட்டின் வழியாகத்தான் பால் இறங்கி மங்கில் விழுகிறது. கோட்டின் ஓரத்தில் ஒரு சிறு உடைப்பு இருந்தால் என்ன ஆகும்? பால் கொஞ்சமாக வரும்போது கோட்டோடே வந்து மங்கில் விழுந்துவிடும். அதிகமாக வரும்போது உடைப்பின் வழியாகப் பட்டையில் வழிந்து போகும். மழையில் பட்டை நனைந்திருந்தாலோ பால் கோட்டில் நிற்கவே நிற்காது. அதனால்தானே மழை நாளில் வெட்டு இல்லை என்கிறோம்? வண்டியிலும் அதே கதைதான். சும்மா ஓடும்போது பொறி ஒழுங்காகப் போகும். பாரம் ஏறினால் வழியும். ஈரம் பட்டால் இன்னும் வழியும்.

இவ்வளவும் சொன்னதால், மேட்டில் வெட்டினாலே மின்சாரப் பழுதுதான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வேறு காரணங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. காசு செலவில்லாமல், ஓட்டும்போதே கவனித்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதலாவது, பெடலை அழுத்திய உடனே படபடவென்று கூர்மையாக வெட்டுகிறது; காலை எடுத்த உடனே சரியாகிறது. இது பெரும்பாலும் பொறியின் குறை. பிளக், கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில் என்று தேட வேண்டும்.

இரண்டாவது, மேட்டில் முதலில் நன்றாக இழுக்கிறது. சற்று நேரம் கழித்து வலு குறைந்து சோர்ந்து போகிறது. காலை எடுத்து ஓய்வு கொடுத்தால் மறுபடியும் இழுக்கிறது. இது பெட்ரோல் போதாமை. கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. மேட்டில் இஞ்சின் அதிகமாகக் குடிக்கும்போது, அடைப்பட்ட பில்டர் வழியாகப் பெட்ரோல் வந்து அந்தக் கிண்ணத்தை நிரப்ப நேரம் போதாது. முதலில் பார்க்க வேண்டியது விலை குறைந்த பெட்ரோல் பில்டரை. விலை கூடிய பம்பையோ கார்புரேட்டரையோ அல்ல.

மூன்றாவது, வண்டி நிற்கும்போது இஞ்சின் நடுங்குகிறது. ஓட ஓடச் சரியாகிறது. இது காற்றுக் கசிவாக இருக்கலாம். இஞ்சினோடு இணைந்த சிறு இரப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். மேட்டில் மட்டும் வெட்டும் வண்டிக்கு இது முதல் சந்தேகம் அல்ல.

நான்காவது, குளிர்ந்த இஞ்சின் நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் வெட்டுகிறது. நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் ஓடுகிறது. காயிலைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் அதன் உள்கம்பிகளின் காப்பு பலவீனமாகிவிடுவது உண்டு.

ஐந்தாவது, எப்போதும் வெட்டுகிறது, நிற்கும்போதும் வெட்டுகிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது. அல்லது வெள்ளைப் புகை வந்துகொண்டே இருக்கிறது. அப்போது வால்வோ, ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம். அதற்குப் போமன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவி வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

ஆறாவதாக ஒன்று: இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, வெட்டும் இல்லை. இது மிஸ்ஃபயரே அல்ல. கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது.

ஆகவே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு முன், ஒரு நோட்டில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எப்போது வெட்டுகிறது, சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா? எங்கே வெட்டுகிறது, மேட்டிலா சமதரையிலா நிற்கும்போதா? பெடலை அழுத்திய உடனேயா, சற்று நேரம் கழித்தா? வெயிலிலா, மழையிலா? இந்த நான்கு வரி உங்கள் கையில் இருந்தால், நல்ல போமன் ஒருவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது மாமாவின் வண்டிக்கு வருவோம். நான் மாமாவிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டேன். "மிதிச்ச ஒடனே வெட்டுது டீச்சரம்மா. கால எடுத்தா நின்னுடுது. மழைன்னா ரொம்ப மோசம்" என்றார். இவ்வளவு தெளிவாகச் சொன்னவரிடம் யாரும் அதுவரை அதைக் கேட்கவில்லை. கார்புரேட்டரும் பம்பும் மாற்றி என்ன பயன்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது போலத்தான்.

ஆனால் நேயர்களே, அடுத்து நடந்ததில் என் தவறும் இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பிளக்குகளைக் கழற்றச் சொன்னேன். நான்கும் தேய்ந்து, இடைவெளி பெரிதாகியிருந்தது. "இதுதான் காரணம்" என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். வண்டியின் கையேட்டில் உள்ள இடைவெளி அளவில் புதிய பிளக்குகளைப் போட்டோம். வண்டி மேட்டில் பூனை மாதிரி ஏறியது. மாமாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அடுத்த வாரம் மழை பெய்தது. விடியற்காலையில் அதே மேடு, அதே வெட்டு.

ஏன் அப்படி? இடைவெளி சிறிதானதால் தேவைப்படும் வோல்ட் குறைந்தது. அதனால் பழுதான இடத்தின் வழியாக மின்சாரம் வழியவில்லை. பழுது போகவில்லை, ஒளிந்துகொண்டது. மழை ஈரம் வந்ததும் மறுபடியும் தலையைக் காட்டிவிட்டது. காய்ச்சல் மாத்திரை போட்டுச் சூடு இறங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைப்பது போன்ற தவறு இது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று. கழற்றிய பழைய பிளக்குகளை நான் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது மூன்று பிளக்குகளின் முனை இளம் பழுப்பாக இருந்தது. அதுதான் நல்ல நிறம். ஒன்று மட்டும் கறுத்து, கரி படிந்திருந்தது. அந்த ஒரு சிலிண்டரில்தான் பொறி தவறியிருக்கிறது. ஆனால் அது எந்தச் சிலிண்டர்? நான் எண் எழுதி வைக்கவில்லை! கேள்வி எண்ணைப் போடாமல் விடை எழுதும் பிள்ளைகளைத் தினமும் கண்டிக்கிற டீச்சர், நான்கு பிளக்கை ஒன்றாக ஒரு டப்பாவில் போட்டுவிட்டாள். ஆகவே நீங்கள் கழற்றும்போது 1, 2, 3, 4 என்று ஒரு அட்டையில் எழுதி, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். பிளக் பேசும், யாருடைய பிளக் என்று நமக்குத் தெரிய வேண்டும். பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல் அல்லது பொறி பலவீனம். பெட்ரோலால் நனைந்திருந்தால் பொறியே இல்லை. எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் இஞ்சினுக்குள் எண்ணெய் ஏறுகிறது. வெளிறி வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது மிகுந்த சூடு.

பிறகு அப்பா செய்யும் சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. இரவு எட்டு மணிக்கு வண்டியை வீட்டு முன்னால் திறந்த வெளியில் நிறுத்தி, விளக்குகளை அணைத்தோம். பெட்ரோல் வாடை எங்கும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டோம். கியரை விலக்கி, கை பிரேக்கைப் போட்டு, பானட்டைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டோம். பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சிறு பம்பால் தூரத்திலிருந்து கேபிள்களின் மேல் பனி மாதிரி தெளித்தேன். ஒன்றாவது கேபிள், ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஒன்றும் இல்லை. மூன்றாவதில் தண்ணீர் பட்டதும் இஞ்சின் தடுமாறியது. இருட்டில் நீல நூல் மாதிரி ஒரு பொறி, கேபிளிலிருந்து இஞ்சின் இரும்புக்குத் தாவித் தாவி விழுந்தது. மாமாவின் பேரன், "அத்த, மின்னல்!" என்று கத்தினான்.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தோம். கேபிளைத் தாங்கி நிற்கும் சிறு பிளாஸ்டிக் பிடிப்பு எப்போதோ உடைந்துபோயிருந்தது. கேபிள் சாய்ந்து சூடான இரும்பின் மேல் கிடந்து, உராய்ந்து, உறை வெடித்திருந்தது. இவ்வளவுதான் பழுது. நான்கு கேபிள்களையும், காயிலிலிருந்து வரும் நடுக் கேபிளையும் சேர்த்து மாற்றினோம். உடைந்த பிடிப்புக்குப் புதியது போட்டோம். மாமா அதுவரை செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை.

நாம் பிறந்து வளர்ந்தது இரப்பர் மண்ணில். 1877-ஆம் ஆண்டு குவாலா கங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே முதிய மரமாக நிற்கிறது. இரப்பரின் குணம் நமக்குத் தெரியும். சூடும் காற்றும் பட்டால் நாளடைவில் அது கெட்டியாகும், வெடிக்கும். பொறி கசியும் இடத்தில் ஓசோன் என்ற வாயு உண்டாகிறது. அது இரப்பரை இன்னும் வேகமாக வெடிக்கச் செய்யும். கேபிள் உறைகள் இப்போது பெரும்பாலும் செயற்கை இரப்பரால் ஆனவை. மரத்துப் பாலைவிடச் சூட்டைத் தாங்கும். என்றாலும் அவற்றுக்கும் ஆயுள் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை, இஞ்சின் ஆறியிருக்கும்போது, பானட்டைத் திறந்து கேபிள்களை வளைத்துப் பாருங்கள். வளைவில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்புறம் பாருங்கள். பென்சிலால் கிறுக்கிய மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், பொறி வழிந்து ஓடிய தடம் அது. அந்த மூடியையும் மாற்ற வேண்டும். மல்டிமீட்டர் என்ற சிறு கருவி வீட்டில் இருந்தால் கேபிளின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்கலாம். பல கேபிள்கள் சில ஆயிரம் ஓம் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் மிக அதிகமாகக் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ உள்ளே அறுந்துவிட்டது என்று பொருள்.

இனிச் சில எச்சரிக்கைகள். இவற்றைப் பெண்களும் பிள்ளைகளும் கூடக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இஞ்சின் ஓடும்போது பிளக் கேபிளைக் கையால் பிடிக்கவோ பிடுங்கவோ கூடாது. அந்த அடி பலமானது. அதிர்ச்சியில் கை காற்றாடியில் போய் விழலாம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே நிற்க வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பார்க்கும்போது துண்டு, முந்தானை, விரித்த கூந்தல் எதுவும் பெல்ட்டின் அருகே தொங்கக் கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் இஞ்சினை நிறுத்துங்கள். தீக்குச்சி கிழிப்பதும் சிகரெட் பிடிப்பதும் கூடவே கூடாது. மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை, ஆளைக் கொல்லும். பிளக்கைச் சூடான இஞ்சினில் கழற்றாதீர்கள். போடும்போது முதலில் விரலால் திருகி, மரை ஒழுங்காகப் பிடித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். அலுமினிய மரை கெட்டுவிட்டால் சிறு செலவு பெருஞ்செலவாகிவிடும்.

வெட்டும் வண்டியை அப்படியே விரட்டி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டிகளில் அது அங்கே எரிந்து அந்தப் பாகத்தையே சூட்டில் கெடுத்துவிடும். சற்றுப் புதிய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை; ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கணினி. அவற்றில் மிஸ்ஃபயர் வந்தால் இஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரியும். அப்போது வேகத்தைக் குறைத்து, பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கருவியை மாட்டினால் எந்தச் சிலிண்டர் என்று அதுவே சொல்லிவிடும்.

மேட்டில் வண்டி நின்றுவிட்டால் மறுபடியும் மறுபடியும் சாவியைத் திருகிக்கொண்டு இருக்காதீர்கள். கை பிரேக்கைப் போட்டு, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஆட்களை ரோட்டை விட்டு ஓரமாக இறக்குங்கள். வண்டி பிறகு. உயிர் முதலில்.

பட்டறைக்குப் போகும்போது வெட்கப்படாமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இதுதான் பழுது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்பது ஒன்று. "கழற்றிய பழைய பாகத்தைக் கொடுங்கள்" என்பது மற்றொன்று. நல்ல போமன் கோபித்துக்கொள்ள மாட்டார். மகிழ்ச்சியோடு காட்டிக் கொடுப்பார். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் வண்டி ஓடும்; காரணம் எது என்று யாருக்கும் தெரியாது. விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு பிளக், கேபிள், பில்டர், பம்பும் கார்புரேட்டரும் கடைசியில்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அறிவியல் பாடத்தில் படிக்கிற காற்றழுத்தமும் மின்சாரமும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுவதில்லை. உங்கள் வீட்டு வண்டியின் பானட்டுக்குக் கீழேயும் அந்தப் பாடம் இருக்கிறது. கவனி, எழுது, ஒன்றை மட்டும் மாற்று, மறுபடியும் கவனி. இதுதான் அறிவியல். இதைச் செய்யப் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

மாமாவின் வண்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். கேபிள் மாற்றிய மறுநாளே அது மேட்டில் நன்றாக ஏறியது. ஆனால் இந்தத் தடவை நான் பெருமைப்படவில்லை. "மழை வரட்டும் மாமா, அப்புறம் சொல்வோம்" என்றேன். நான்காம் நாள் நல்ல மழை. விடியற்காலை ஐந்து மணிக்கு என் வீட்டு ஜன்னலோரம் நின்று கேட்டேன். வண்டி மேட்டில் ஏறியது. சத்தம் ஒரு இடத்திலும் அறவில்லை. ஏறி முடித்ததும் மாமா ஒரு தடவை ஹாரன் அடித்தார். அது எனக்கு.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் அத்தை ஈப்போவுக்குப் போய் வந்தார். அத்தை இன்று இல்லை. ஆனால் வண்டி நின்றுவிட்டது என்ற காரணத்தால் அவருடைய முறை அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. மாமா அந்த வண்டியை இன்னும் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடுகிறார். உள்ளே, கையுறைப் பெட்டியில், வெடித்துப்போன அந்த மூன்றாம் எண் கேபிளைச் சுருட்டி வைத்திருக்கிறார். யாராவது வண்டி வெட்டுகிறது என்று சொன்னால் அதை எடுத்துக் காட்டுகிறார்.